சுடாத துவக்குகள்

1

ஊரிலிருந்து அழைப்பவர்கள் என் மனைவி பவானி எப்படி இருக்கிறாள் என்று நேரே கேட்பதில்லை. காலநிலை, பனி, முழங்கால் வலி எல்லாம் விசாரித்துவிட்டு, "உங்கட வீட்டுச் சுவரில கொழுவியிருந்த பழைய துவக்குகள் எல்லாம் எங்க? ஏன் வித்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். படங்களில் பார்த்த ஞாபகம். நான் "வயது போட்டுது, துடைக்க ஏலாது" என்று சொல்லிவிடுகிறேன். அது பொய்.

நேற்று எங்கள் கலியாண நாள். அவளைப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோது, இனி ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பொய் சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. இந்தியாவில் வாசிப்பவர்கள் மன்னிக்கவேண்டும். துப்பாக்கி என்று எழுத எனக்குக் கை வராது. எங்களுக்கு அது துவக்குத்தான்.

2

முதல் துவக்கை வாங்கியது பவானி.

அவள் என்னிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் கனடாவில், பிரெஞ்சு பேசும் மாகாணத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பழைய ஆங்கிலக் குடும்பங்கள் வீடுகளை விற்றுவிட்டு ஒன்ராறியோவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தேவாலயத்து அடித்தளத்தில் பரப்பி விற்பார்கள். குளிருக்கு மேற்சட்டை தேடிப்போன இடத்தில் பவானி ஒரு மேசைக்கு முன்னால் நின்றுவிட்டாள். கரண்டிகளுக்கும் சாம்பல் கிண்ணங்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கைத்துவக்கு கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். கைப்பிடி வால்நட் மரம். இரும்பில் பூக்கொடி வெட்டியிருந்தது.

"இது வெடிக்குமோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

விற்றுக்கொண்டிருந்த கிழவர் சிரித்தார். தன் பாட்டனாரின் பாட்டனாருடையதாம், இங்கிலாந்திலிருந்து வந்ததாம். இது தோட்டா போடுகிற காலத்துக்கு முந்தியது. வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் இடித்து, பின்னால் ஒரு மிளகளவு செப்புத் தொப்பியைச் சொருகி, அதன்மேல் சுத்தியல் மாதிரியான குதிரை விழுந்தால்தான் வெடிக்கும் என்று சொன்னார். அவருக்குத் தெரிந்து அது ஒருநாளும் வெடித்ததில்லை.

நான் அவளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். துவக்குக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள் துவக்கை விலை கொடுத்து வாங்குவதா? அவள் அசையவில்லை.

"நாங்கள் வாங்கினா இது எங்கட வீட்டில கிடக்கும். பேந்து இதை ஒருத்தரும் ஒருத்தருக்கும் நீட்ட ஏலாது" என்றாள்.

அன்றிரவு, கலியாணமான பிறகு முதல் தடவையாக, தம்பி ரூபனைப் பற்றிச் சொன்னாள். எண்பதுகளில் ஒரு பின்னேரம் ரியூசன் முடிந்து வந்துகொண்டிருந்தவனைப் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் மறித்தார்கள். எங்கள் பாஷை பேசுகிற இயக்கத்துப் பெடியள்தான். ஒருவனுடைய கையில் பிஸ்டல் இருந்தது. அதைக் காட்டவில்லை, சும்மா தொங்கவிட்டபடி நின்றான். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். பவானி ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தாள். அவன் காலை உதறவில்லையாம். "எழும்புங்கோ அக்கா, மண் படுது" என்று மரியாதையாகச் சொன்னானாம். ரூபன் திரும்பி வரவில்லை. அவனுக்குப் பதினேழு வயது.

சொல்லி முடித்துவிட்டு, "எங்களுக்குப் பிள்ளை பிறந்தா இதைச் சொல்லாதேங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நாங்கள் எடுக்கவில்லை.

3

ஒன்று இரண்டாகி, பிறகு ஒரு சுவர் நிறைந்தது. மேலங்கிப் பைக்குள் போடுகிற கட்டையான பிஸ்டல், கப்பற்காரர் இடுப்பில் கொழுவுகிற கொக்கி வைத்த பிஸ்டல், சீமாட்டிகள் குளிருக்குக் கை நுழைக்கிற ரோம உறைக்குள் ஒளித்து வைத்த குட்டிப் பிஸ்டல். எல்லாம் விக்டோரியா மகாராணி சிறுமியாகவோ இளம் பெண்ணாகவோ இருந்த காலத்து ஆங்கிலேயச் சாமான். இந்த நாட்டில் இவ்வளவு பழையவற்றுக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை. சனிக்கிழமைகளில் மற்றத் தமிழ்க் குடும்பங்கள் கோயிலுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் போக, நாங்கள் பழஞ்சாமான் சந்தைகளுக்குப் போனோம். பக்கத்து ஊரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியபோது, வரவேற்பறைச் சுவரை அவள்தான் அளந்தாள்.

அவளுக்குக் கூர்மையான கண். குழலின் அடியில் கிரீடமும் குறுக்காக இரண்டு செங்கோல்களும் பொறித்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பாள். அது பேர்மிங்ஹாமில் சோதித்துப் போட்ட முத்திரை. மேலே பெரிய எழுத்தில் லண்டன் என்று வெட்டியிருக்கும். "பாத்தியளே, மேல லண்டன், கீழ பேர்மிங்ஹாம். எங்களை மாதிரி. மேல கனடா, கீழ கரவெட்டி" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் துணியோடு இருவரும் மேசையில் இருப்போம். மகள் சிந்து எங்களைத் தாண்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்வருவாள். தன் சிநேகிதிகளிடம் "மே பரோன் சோன் பிசார்" என்று சொல்வாள். என் அப்பா அம்மா விசித்திரமானவர்கள் என்று அர்த்தம். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில் வரும். பவானி கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்தவள். நாள் முழுக்கப் பிரெஞ்சில் பாடி, பிரெஞ்சில் மூக்குத் துடைத்து, பிரெஞ்சில் கோபப்பட்டவள். எங்கள் வீட்டுக்கு வந்த கடிதம், வரி, மருத்துவர், பள்ளிக்கூடம் எல்லாம் அவள் வாயால்தான் நடந்தன. நான் பண்டகசாலை ஆங்கிலத்தோடு அவள் பின்னால் நின்றேன். என் பிரெஞ்சு பொன்ஜூர் என்ற வணக்கத்தில் தொடங்கி மேர்சி என்ற நன்றியில் முடிந்துவிடும்.

4

முதலில் அவள் மறந்தது பிரெஞ்சு. காப்பகத்தில் ஒரு நாள் குழந்தைகளைத் தமிழில் கூப்பிட்டாளாம். அவர்கள் சிரித்தார்களாம். அவளும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னாள். அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து சிந்துவை அழைத்தார்கள். பவானிக்கு அப்போது அறுபது வயதுகூட ஆகவில்லை.

மறதியைச் சோதிக்க மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னார். அவள் வட்டத்தை அழகாக வரைந்து, எண்களை எல்லாம் ஒரு பக்கத்தில் குவித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தேர்வறையில் விடை கேட்கிற பிள்ளையின் பார்வை.

பிரெஞ்சுக்குப் பிறகு ஆங்கிலம் போயிற்று. தமிழ் மட்டும் துலக்கிய பாத்திரம் போல மிஞ்சியது, அதுவும் கரவெட்டித் தமிழ். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவளுடைய கோப்பில் பேசும் மொழி பிரெஞ்சு என்றே இருந்தது. அவள் தன் கையால் பெருமையோடு நிரப்பியது. அதனால் எல்லோரும் அவளோடு பிரெஞ்சில் பேசினார்கள், அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். அவள் நன்றாக ஒத்துழைக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எண்ணெய்த் துணி வேண்டும். குட்டிப் பிஸ்டலை மடியில் வைத்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைப்பாள். பெயர்கள் போய்விட்டன, கை மறக்கவில்லை. அந்த ஒரு வருடம் நாங்கள் நன்றாகவே இருந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

5

வீட்டு உதவிக்கு விண்ணப்பித்திருந்தோம். அதற்காக ஒரு சமூகப் பணியாளர் வந்தார். இளம் பெண், கனிவானவர். சிந்து வந்து மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அவள் நகருக்குள் வில்லரேயில் தன் துணைவனோடு இருக்கிறாள், வேலை காப்புறுதி அலுவலகத்தில். அன்று பனி கொட்டி நெடுஞ்சாலை நின்றுவிட்டது. நான் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

பவானி மேலே நித்திரை. அந்தப் பெண் கேள்விகள் கேட்டார், நான் பாதியை ஊகித்துப் பதில் சொன்னேன். எழும்பும்போது சுவரைப் பார்த்தார். முகம் மாறியது. துவக்குகளைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்குப் பிடிபட்டது "ஷார்..." என்று தொடங்கிய ஒரு சொல். கடைகளில் கேட்டுப் பழகிய "ஷேர்" என்று எடுத்துக்கொண்டேன். ஷேர் என்றால் விலை கூடியது. விலை கூடியதா என்று கேட்கிறார் போலும்.

"உய், உய். கொஞ்சம்" என்று ஆமோதித்து, விரலால் கொஞ்சம் காட்டிச் சிரித்தேன்.

அவர் கேட்டது "ஷார்ஷே" என்று பிறகுதான் தெரிந்தது. துவக்குகளில் வெடிமருந்து ஏற்றியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மறதி நோயாளி இருக்கிற வீட்டில், சுவர் நிறைய ஏற்றிய துவக்குகள். கணவன் சிரிக்கிறான். அவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார்கள், நான் வேண்டாம் என்றேன். ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தியதும் பெண் அதிகாரி தலையாட்டினார். எதற்கும் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டச் சொன்னார். மேசையில் பத்திரிகை விரித்து அடுக்கினேன். குழல் வெறுமை என்று காட்ட ஒரு வழி இருக்கிறது. இரும்புக் கம்பியை வாய் வழியாக விட்டால் அடிவரைக்கும் போய் மணி மாதிரிக் கிணுங்கும். ஏற்றியிருந்தால் அந்தச் சத்தம் வராது. ஒன்று, அடுத்தது, அடுத்தது. இளைஞனுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பவானி எழும்பியிருக்க வேண்டும்.

படியில் நின்றாள். சீருடைகள், இடுப்பில் ஆயுதம், மேசை நிறையத் துவக்குகள், நடுவில் கையில் பிஸ்டலோடு நான். இறங்கி வந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து பல மாதங்களாக நான் பார்த்ததில்லை. நேரே வந்து என் காலடியில் விழுந்து இரண்டு கணுக்காலையும் கட்டிப்பிடித்தாள்.

"அண்ணை, கும்பிடுறன் அண்ணை. தம்பியை விட்டிடுங்கோ. அவன் ரியூசனுக்குப் போட்டு வாறவன். அவனுக்கு ஒண்டும் தெரியாது. வேணுமெண்டா என்னைக் கொண்டு போங்கோ."

"பவானி" என்றேன்.

"ஓம் அண்ணை, பவானிதான். ரூபன்ர அக்கா."

பெண் அதிகாரி குனிந்து அவளைத் தூக்கப் போனார். பவானி அலறியபடி என் காலை இன்னும் இறுக்கினாள். அவர் பின்வாங்கி, தன் மேற்சட்டையை இழுத்து இடுப்பில் இருந்ததை மூடிக்கொண்டார்.

நான் உன் புருஷன், இது பியர்பொன்ட்ஸ், அது நடந்து நாற்பது வருடம் என்று சொல்லலாம். அதில் ஒரு சொல்லும் அவளிடம் போய்ச் சேராது. அவளுக்கு அந்த நிமிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு விடை. அதைச் சொல்லக்கூடியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

"எழும்புங்கோ தங்கச்சி" என்றேன். "தம்பியை விட்டிட்டம். வீட்ட போகட்டும்."

முகத்தை நிமிர்த்தினாள். "உண்மையாவோ?"

"உண்மையா."

அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையில் அப்போதும் பிஸ்டல் இருந்தது.

அவளைச் சோபாவில் இருத்திய பிறகு பெண் அதிகாரி மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் கேட்டார், என்ன சொல்லி அழுதாள் என்று. தம்பியை விடச் சொன்னாள் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றார். விட்டுவிட்டேன் என்று சொன்னேன் என்றேன். துவக்குகளில் சட்டப் பிழை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

6

சிந்து வந்தபோது பவானி சோபாவில் நித்திரையாகியிருந்தாள். நித்திரையிலும் அந்தப் பெயரை முணுமுணுத்தாள்.

"ரூபன், சே கி, அப்பா?" யார் என்று கேட்டாள்.

"உன்ர மாமா. அம்மான்ர தம்பி."

"அம்மாக்குத் தம்பி இருக்கிறாரா?"

"இருந்தவன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சில் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தமிழில்தான் அழுதாள். "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? நான் உங்களை ரெண்டு பேரையும் பகிடி பண்ணிக்கொண்டு திரிஞ்சன். நான் என்ர ஃபிரெண்ட்ஸுக்கு..." சுவரில் வெறும் ஆணிகளைப் பார்த்தபடி நின்றாள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் விளங்கியது. புவாண்ட்-கிளேரில் பீட்டர் என்று ஒரு பழைய நண்பர், ஓய்வுபெற்ற பல்வைத்தியர். எங்களைப் போலச் சேர்ப்பவர். பிரிக்காமல் ஒரே இடத்தில் வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்தார். குட்டிப் பிஸ்டலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் அதையும் கொடுத்தேன்.

பெட்டிகளை நான் காருக்குக் கொண்டுபோகையில் பவானி சமையல் குசினி வாசலில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகாம் மாத்துறியளோ அண்ணை?" என்று கேட்டாள். "தம்பியையும் கொண்டு போறியளோ?"

விட்டுவிட்டோம் என்று திரும்பவும் சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். அவளுக்கு விடுதலை நிலைக்கவில்லை, கைது மட்டும் நிலைத்தது.

துவக்குகள் போய்விட்டால் பயமும் போய்விடும் என்று நம்பினேன். போகவில்லை. அவளுடைய பயம் சுவரில் இருந்த இரும்பைப் பற்றியது அல்ல. அதைக் கையில் வைத்திருந்த ஆளைப் பற்றியது. அந்த ஆள் நான்தான், நான் இன்னும் வீட்டில் இருந்தேன். எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரோடு நிற்பாள். நான் குடித்து முடிக்கும்வரை உட்கார மாட்டாள். தன் தட்டில் இருந்து சோற்றைக் கிள்ளித் துணியில் முடிந்து வைப்பாள். தம்பிக்காம். நான் அறைக்குள் வந்தால் எழும்புவாள். இவ்வளவு காலமும் "இஞ்சாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டவள், கதவுக்கு வெளியே நின்று "அண்ணை, உள்ள வரலாமோ?" என்று கேட்டாள். அவளுடைய அறைக்கு.

அவளைக் குளிப்பாட்ட என்னை விடமாட்டாள். யாருடைய கையை எதற்குப் பயந்து தட்டிவிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. சிந்து வில்லரேயிலிருந்து வந்து குளிப்பாட்டினாள். பிறகு அவளாலும் முடியவில்லை.

7

பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ். அங்கே அவளைப் பார்ப்பவள் ஹெயிட்டிக்காரி, பெயர் மரிலின். பவானி அவளை அக்கா என்கிறாள். மரிலினுக்கு "பசிக்குதோ", "படுங்கோ", "பயப்பிடாதேங்கோ" என்று மூன்று தமிழ்ச் சொற்றொடர்கள் தெரியும். சிந்து சொல்லிக் கொடுத்தது. சிந்துவும் இப்போது அம்மாவோடு தமிழில்தான் கதைக்கிறாள், கரவெட்டி இழுவையோடு. ரூபனின் பெயரைக் கேட்டு அழுத நாளிலிருந்து தொடங்கியது. இந்த மொழியை அவளுக்குக் கொடுக்கச் சனிக்கிழமை வகுப்புகள், சண்டைகள், இனிப்புகள் என்று என்னென்னவோ செய்து பார்த்தோம். இப்படி வந்திருக்க வேண்டாம்.

நான் போனால் பவானி பதறுகிறாள் என்று தாதி ஒருநாள் சொன்னார். கோபமில்லாமல், தயவாக. அதனால் பல மாதங்களாக நடைவழி நாற்காலியில் இருந்து கதவு இடைவெளியால் பார்க்கிறேன். சிந்து ஊட்டுவாள். என் பக்கம் முகம் திரும்பினால் நான் பத்திரிகையைத் தூக்கிக்கொள்வேன்.

நேற்று சிந்துவுக்கு வேலை. கலியாண நாள் என்று நான் மட்டும் போனேன். வழக்கமான நாற்காலியில் இருந்தேன். மரிலின் வந்து, இன்று அமைதியாக இருக்கிறாள், உள்ளே போங்கள் என்று சைகை காட்டினாள்.

பவானி ஜன்னலோரம் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. "இருங்கோ, இருங்கோ" என்று தூரத்திலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தம்பி வந்திட்டானோ அண்ணை?"

"ஓம், வந்திட்டான்."

"சாப்பிட்டவனோ?"

"நல்லாச் சாப்பிட்டவன்."

"அவனுக்கு அடிச்சனீங்களோ?"

"இல்லை அம்மா. ஒருத்தரும் அடிக்கேல்லை."

மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. இவ்வளவு மாதங்களில் முதல் தடவையாக என் முகத்தைப் பயமில்லாமல் பார்த்தாள். ஒரு கணம், ஒரே கணம், அடையாளம் கண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீங்கள் மற்றவங்கள் மாதிரி இல்லை" என்றாள். "நல்ல பெடியன். கலியாணம் கட்டிட்டியளோ?"

"ஓம். கட்டிட்டன்."

"பிள்ளையள்?"

"ஒரு மகள்."

"மனுசி எங்க?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள்.

"வீட்ட" என்றேன்.

அவள் முன்னால் சாய்ந்தாள். குரலில் பழைய அதிகாரம் வந்தது, காப்பகத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறபோது இருந்த அதே அதிகாரம்.

"அப்ப ஏன் இஞ்ச வந்து இருக்கிறியள்? வீட்ட போங்கோ. பாவம், அவ பாத்துக்கொண்டிருப்பா. இந்த வேலை எல்லாத்தையும் விட்டிட்டு மனுசியோட போய் இருங்கோ. இனி இஞ்ச வராதேங்கோ, என்ன?"

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சிரித்தாள். நான் எழும்பினேன். அவள் கேட்டபடியே வீட்டுக்கு வந்தேன்.